குளிக்க நிற்காத குதிரை: எந்த இடத்தில் முரண்டு பிடிக்கிறது என்று பார்த்துச் சரிசெய்வது

செவலை என்னிடம் வந்து ஒன்பது வருடமாகிறது. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தையில் வாங்கிய கத்தியவாரிப் பெட்டை, அப்போது நாலு வயது. சுழி பார்த்தோம், பல் பார்த்தோம், நடக்கவிட்டும் பார்த்தோம். குளிக்க நிற்குமா என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் ஓஸைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் போனேன். களத்தை நாலு சுற்றுச் சுற்றிவிட்டாள், கயிறு உருவியதில் என் உள்ளங்கைத் தோல் போனது.

அதற்கப்புறம் சுற்றுவட்டாரத்தில் குதிரை வைத்திருப்பவர்கள் பலரிடம் இதே புகாரைக் கேட்டுவிட்டேன். "எங்க குதிரைக்குத் தண்ணியே ஆகாதுங்க" என்பார்கள். அதே குதிரை ஐப்பசி மழையில் நனைந்துகொண்டே மேய்ந்துகொண்டிருக்கும். தண்ணீரே ஆகாத குதிரையை நான் இதுவரை பார்த்ததில்லை. ஒன்றுக்கு ஓஸ் ஆகாது, ஒன்றுக்கு அதன் சத்தம் ஆகாது, இன்னொன்றுக்குக் காதில் சொட்டினால் ஆகாது, வழுக்குகிற தரை ஆகாது, புண் இருக்கிற இடத்தில் பட்டால் ஆகாது. எது என்று கண்டுபிடித்தால்தான் வேலை நடக்கும், அதனால் அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் குதிரை எங்கே மறிக்கிறதோ நேராக அந்தப் பகுதிக்குப் போகலாம். ஆனால் முதல் பகுதியையும், தண்ணீர் பட்டதும் சுற்றுகிற குதிரையைப் பற்றிய பகுதியையும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

குதிரையைக் குறை சொல்லும் முன் இடத்தைப் பாருங்கள்

செவலையைப் பார்க்க ஒரு பெரியவரைக் கூட்டிவந்தேன், அந்தக் காலத்தில் ஜட்கா வண்டி ஓட்டியவர். உள்ளேகூட வரவில்லை, கேட் ஓரமாக நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, மொதல்ல அந்த மோட்டாரை நிறுத்துங்க" என்றார். நான் போர் மோட்டாரிலிருந்து நேராக ஓஸை மாட்டியிருந்தேன். தண்ணீர் காற்றோடு சேர்ந்து கக்கிக் கக்கி வரும், ஒவ்வொரு கக்கலுக்கும் ஓஸ் தரையில் துள்ளும். மோட்டாரை நிறுத்திவிட்டு மேல்நிலைத் தொட்டியிலிருந்து தானாக இறங்கி வருகிற தண்ணீரை மட்டும் விட்டோம். செவலை நின்றுவிடவில்லை, ஆனால் கழுத்து இறங்கியது, மூக்கால் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். அன்றைக்கு அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

மனிதக் காதுக்கு சுமார் 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் கேட்காது, குதிரைக்கு 33,000 வரை கேட்கும். ஓஸ் முனையை விரலால் அழுத்தினால் வருகிற அந்தச் சீறல் நமக்குக் கேட்பது ஒரு மாதிரி, அதற்குக் கேட்பது வேறு மாதிரி. ஆகவே ஆரம்பத்தில் துப்பாக்கி மாதிரி இருக்கிற ஸ்ப்ரே முனை எதையும் மாட்டாதீர்கள். வெறும் ஓஸ், மெதுவாக வழிகிற தண்ணீர், அவ்வளவுதான்.

அடுத்தது தரை. பாசி பிடித்த சிமென்ட் தளத்தில் லாடம் அடித்த குதிரையை நிறுத்தித் தண்ணீர் ஊற்றினால் அது நாலு காலையும் பரப்பிக்கொண்டு விழாமல் நிற்பதிலேயே குறியாக இருக்கும். ஒருமுறை வழுக்கிவிட்டால் அந்த இடத்தையே மறக்காது. மணலோ, சின்ன ஜல்லியோ, பழைய ரப்பர் விரிப்போ போட்டுத் தண்ணீர் தேங்காமல் ஓடுகிற மாதிரி செய்துகொள்ளுங்கள். சுற்றி முட்டக்கூடிய சாமான், கம்பி, சைக்கிள் எதுவும் வேண்டாம்.

கட்டிப்போடாதீர்கள், இன்னொருவர் கயிற்றைப் பிடிக்கட்டும். பத்துப் பன்னிரண்டு அடிக் கயிறு, ஹால்டரில் (குதிரையின் தலையில் மாட்டுகிற பட்டை) மாட்டியது, கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது, மடித்துத்தான் பிடிக்க வேண்டும். பிடிப்பவரும் ஊற்றுபவரும் குதிரையின் ஒரே பக்கத்தில், தோளுக்கு நேராக நில்லுங்கள். அது விலக நினைத்தால் மறுபக்கம் காலியாக இருக்கும், யார் மேலும் ஏறாது. வெறுங்காலோடு நிற்காதீர்கள். இதைப் பல வீடுகளில் சொல்லியும் யாரும் கேட்பதில்லை, குளம்புக்கு அடியில் கால்விரல் மாட்டிய பிறகுதான் பூட்ஸ் வாங்குகிறார்கள்.

ஓஸைப் பார்த்ததுமே பின்னால் போகிறது

இன்னும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழவில்லை, ஆனால் தலை மேலே போகிறது, மூக்கு விரிகிறது, "புர்ர்" என்று ஊதிக்கொண்டே பின்வாங்குகிறது. இந்தக் குதிரைக்குத் தண்ணீர்ப் பயிற்சி இப்போது தேவையே இல்லை. தரையில் நெளிகிற, நீளமான, இழுத்தால் பின்னாலேயே வருகிற பொருளைக் கண்டு பயப்படுகிறது. வயற்காட்டில் வளர்ந்த எந்த உயிருக்கும் அந்தப் பயம் நியாயமானதுதான்.

காய்ந்த ஓஸைச் சுருட்டாமல் கொள்ளுத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு வாரம் போட்டு வையுங்கள். அதைத் தாண்டித்தான் தீவனத்துக்கு வரவேண்டும் என்று கட்டாயப்படுத்த வேண்டாம், பக்கத்தில் கிடந்தால் போதும். முகர்ந்து பார்க்கும், காலால் தட்டும், சில குதிரைகள் கடித்தும் பார்க்கும், விட்டுவிடுங்கள்.

அப்புறம் ஒரு வழி, எனக்கு ஒவ்வொரு முறையும் கைகொடுத்தது. ஓஸை நீங்கள் இழுத்துக்கொண்டு முன்னால் நடங்கள், குதிரையை இன்னொருவர் அதற்குப் பின்னால் நடத்தி வரட்டும். தன்னை நோக்கி வருகிற பொருளிடமிருந்து குதிரை ஓடும், தன்னை விட்டு விலகிப் போகிற பொருளை எட்டிப் பார்க்கத் தொடங்கும். ரெண்டு சுற்று போவதற்குள் ஓஸ் நுனிக்குப் பக்கத்தில் மூக்கு வந்துவிடும். நின்று முகர விடுங்கள். அடுத்த நாள் அதே ஓஸில் மெதுவாகத் தண்ணீர் வழியட்டும், குதிரை மேல் படாமல் தரையில் ஓடட்டும், அதையும் பின்தொடரட்டும். இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடத்தான் எல்லோருக்கும் அவசரம், தாண்டியவர்கள் எல்லோரும் திரும்பி இங்கேதான் வருகிறார்கள்.

தண்ணீர் காலில் பட்டதும் சுற்றிச் சுற்றி வருகிறது

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். இதற்கு மட்டும் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குதிரையைக் கெடுப்பதும் சரிசெய்வதும் இந்த இடத்தில் ஒரு நொடி வித்தியாசத்தில்தான் நடக்கிறது.

நாம் என்ன செய்கிறோம் என்று பாருங்கள். தண்ணீரைப் பிடிக்கிறோம், குதிரை துள்ளுகிறது, நாம் பயந்தோ பாவம் பார்த்தோ தண்ணீரை விலக்குகிறோம். குதிரையின் கணக்கு ரொம்ப நேரானது. துள்ளினேன், தண்ணீர் போனது. சரி, நாளைக்கும் துள்ளுவேன், போகவில்லையென்றால் இன்னும் பலமாகத் துள்ளுவேன். பத்து நாள் இப்படிக் குளிப்பாட்டினால் பத்து நாள் துள்ளக் கற்றுக்கொடுத்திருக்கிறோம் என்று அர்த்தம். தண்ணீரை எந்த நொடியில் எடுக்கிறீர்களோ, அந்த நொடியில் குதிரை என்ன செய்துகொண்டிருந்ததோ, அதைத்தான் அது பாடமாக எடுத்துக்கொள்கிறது. சொல்லித் திட்டுவதோ, தட்டிக்கொடுப்பதோ, வெல்லம் கொடுப்பதோ எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்த முறை, குதிரை சுற்றினாலும் தண்ணீரை அதே இடத்தில் விடாமல் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பது, கால் நாலும் நின்ற அந்த நொடியில் சட்டென்று விலக்குவது. இது வேலை செய்யும். ஆனால் கொஞ்சம் பதற்றமான குதிரையிடம் செய்தால் அது நிற்கவே நிற்காமல் மூச்சிரைக்கும் அளவுக்குப் போய்விடும், பிடிப்பவருக்கும் கை ஓய்ந்துபோகும், கடைசியில் தப்பான நொடியில் கைவிட்டுவிடுவோம். அதனால் இப்போது நான் அதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறேன்.

இப்போது நான் செய்வது, அசைவதற்கு முன்னாலேயே எடுத்துவிடுவது. முன்காலின் குளம்பில் மட்டும் தண்ணீர். குளம்பு நம் நகம் மாதிரி கெட்டியானது, அங்கே விழுகிற தண்ணீர் அதற்குப் பெரிய விஷயமில்லை. ஒன்று என்று எண்ணுவதற்குள் விலக்கிவிடுங்கள். குதிரை நின்றபடியே இருந்தது, தண்ணீர் போனது. பத்து மூச்சு விடும் நேரம் சும்மா நில்லுங்கள். மறுபடி குளம்பில், இந்த முறை ரெண்டு எண்ணும்வரை. அப்புறம் மூன்று. நடுவில் கால் தூக்கினால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். அது காலைக் கீழே வைக்கும்வரை மட்டும் தண்ணீரை அங்கேயே வைத்திருந்து, வைத்ததும் எடுத்துவிட்டு, ரெண்டு எண்ணிக்கை பின்னால் போய்த் தொடங்குங்கள். குளம்பில் பத்து எண்ணும்வரை நிற்கிறது என்றால் கணுக்கால், பிறகு முழங்கால், பிறகு தோள்பட்டை. தோளிலிருந்து முதுகுக்குப் போகும்போது மேலிருந்து ஊற்றாமல் தோளில் விட்ட தண்ணீரையே அப்படியே நகர்த்திக்கொண்டு போங்கள், புதிதாக ஓரிடத்தில் பட்டால் திடுக்கிடும், ஏற்கெனவே நனைந்திருக்கிற தோலில் நகர்ந்து வந்தால் அவ்வளவாகத் தெரியாது.

ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். முதல் நாள் குளம்பு மட்டும் நனைந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், அழுக்கு நாளைக்கும் இருக்கும். செவலைக்குத் தோள்பட்டை வரை வர எனக்கு பதினொரு நாள் ஆனது. பக்கத்து ஊரில் ஒரு குட்டைக் குதிரைக்கு ஒரே காலையில் முடிந்தது. கணக்கு வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

இடப்பக்கம் முடிந்ததும் வலப்பக்கம் போய் மறுபடி குளம்பிலிருந்து தொடங்குங்கள். குதிரைக்கு ரெண்டு கண்ணும் தலையின் ரெண்டு பக்கத்தில், ஒவ்வொரு கண்ணும் பெரும்பாலும் தன் பக்கத்தைத்தான் பார்க்கிறது. இந்தப் பக்கம் பழகியதால் அந்தப் பக்கமும் பழகிவிட்டது என்று நம்பிப் போய் ஏமாந்தவர்கள் நிறைய. நல்லவேளையாக ரெண்டாவது பக்கம் எப்போதும் சீக்கிரம் முடியும்.

சிலை மாதிரி நிற்கிறது, ஆனால்

இதை யாரும் புகாராகச் சொல்வதில்லை, "நல்லா நிக்குதுங்க" என்றுதான் சொல்வார்கள். பக்கத்தில் போய்ப் பாருங்கள். தலை உயரத்தில் இருக்கிறதா, கண்ணின் வெள்ளை தெரிகிறதா, உதடு இறுகி முகவாய்க்கட்டை சுருங்கியிருக்கிறதா, வால் இடுக்கில் ஒட்டியிருக்கிறதா, விலா அசையாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா? அப்படியென்றால் அது பழகவில்லை, உறைந்து போயிருக்கிறது. உறைந்த குதிரை எச்சரிக்காமல் வெடிக்கும், அதனால் சுற்றுகிற குதிரையைவிட இதுதான் எனக்குப் பயம்.

தண்ணீரை நிறுத்துங்கள். நாலடி நடத்திக்கொண்டு போய்த் திரும்பக் கூட்டி வாருங்கள், கால் அசைந்தால் உடம்பும் இளகும். பிறகு குளம்பிலிருந்து தொடங்குங்கள், இந்த முறை எண்ணிக்கையைப் பார்க்காமல் மூச்சைப் பாருங்கள். நிஜமாகவே இளகின குதிரை கழுத்தைத் தாழ்த்தும், கண் பாதி மூடும், கீழுதடு தொங்கும், நாக்கால் உதட்டைத் துழாவி மெல்லும், ஒரு பின்காலைத் தளர்த்தி நுனிக்குளம்பில் நிற்கும். இதில் ரெண்டு தெரிந்தால் மேலே போகலாம்.

முன்பக்கம் சரி, அடிவயிற்றிலும் பின்காலிலும் உதைக்க வருகிறது

ஓர் ஈ வந்து உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து விரட்டக்கூடிய உயிர் குதிரை. விலாவுக்குப் பின்னால், தொடை இடுக்கு, மடி, ஆண்குதிரையென்றால் குறியுறை, இந்த இடங்களில் அந்த உணர்ச்சி இன்னும் அதிகம். மெல்லிய தாரையாகத் தண்ணீர் பட்டால் ஈக்கூட்டம் மொய்க்கிற மாதிரி இருக்குமோ என்னவோ, காலைத் தூக்கி அடிக்கும்.

இங்கே ஓஸ் வேண்டாம், கை வேண்டும். ஒரு கை எப்போதும் குதிரையின் முதுகில் இருக்கட்டும், மறுகையில் நனைத்துப் பிழிந்த துண்டு. விரல் நுனியால் தொடாமல் உள்ளங்கையை அழுத்தி வையுங்கள், மெதுவாகத் தடவினால் கூசும், அழுத்தினால் கூசாது. முதுகிலிருந்து தொடங்கி விலா வழியாக இறங்கி, உடம்பு இறுகுகிற இடத்தில் நின்று, இறுக்கம் தளர்ந்ததும் கையை எடுங்கள். நேரத்தைப் பற்றிய அதே விதிதான். பின்காலுக்குப் போகும்போது பிட்டத்தோடு ஒட்டி நின்று கால் வழியாகக் கையை இறக்க வேண்டும், ஓரடி தள்ளி நின்றால் உதை முழு வீச்சோடு விழும். நேர்ப் பின்னால் நிற்கவே வேண்டாம், அங்கே அதற்குக் கண் தெரியாது. காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு வாலை வீசி ஒரு காலைத் தூக்கினால் அது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது, அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள்.

ஒன்றை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். குளம்புக்கு மேலே, பின்பக்கக் குழியில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள், சொரசொரவென்று பொருக்கு தட்டுப்படுகிறதா? சேற்றிலேயே நின்ற குதிரைக்கு மழைக்காலத்தில் அங்கே தோல் வெடித்துப் பொருக்குக் கட்டும். தொட்டாலே எரியும். அதற்குப் பயிற்சி கிடையாது, மருந்துதான்.

உடம்பெல்லாம் விடுகிறது, முகத்துக்குப் போனால் தலையைத் தூக்கிவிடுகிறது

முகத்தில் ஓஸ் பிடிப்பதை முதலில் நிறுத்துங்கள். நெற்றிக்கு நேர் முன்னால் குதிரைக்கு ஒரு சின்னக் குருட்டு இடம் இருக்கிறது. அங்கிருந்து வருகிற தண்ணீர் எங்கிருந்து வந்தது என்றே அதற்குத் தெரியாது, பட்ட பிறகுதான் தெரியும். கண்ணிலும் மூக்கிலும் காதிலும் ஒரே நேரத்தில் போனால் யாராயிருந்தாலும் தலையைத் தூக்குவோம்.

எனக்கு முகம் கழுவ ஓஸ் தேவைப்பட்டதே இல்லை. ஒரு வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர், பழைய பருத்தித் துண்டு. துண்டை நனைத்து நன்றாகப் பிழிந்து, கன்னத்தில் முடி படிந்திருக்கிற போக்கிலேயே கீழ்நோக்கித் துடையுங்கள். கன்னம், தாடை, மூக்குத் தண்டு, கடைசியாக நெற்றி. கண்ணோரத்துக்குத் துண்டின் ஒரு முனையை விரலில் சுற்றிக்கொள்ளுங்கள். வியர்த்து வந்த குதிரைக்கு நெற்றிப்பட்டை இருந்த இடத்தில் அரிக்கும், அங்கே துண்டை வைத்துக் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தால் தானாகவே தலையை உங்கள் மார்பில் முட்டிக்கொடுக்கும். செவலை துண்டைக் கண்டால் இப்போதும் தலையைத் தாழ்த்துவது அந்த அரிப்புக்காகத்தான்.

காது தனிக்கதை. கத்தியவாரிக்கும் மார்வாரிக்கும் காது நுனி ரெண்டும் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடுகிற மாதிரி இருக்கும், அழகு என்று விலை ஏற்றுவதே அதை வைத்துத்தான். அந்தக் காதுக்குள் தண்ணீர் விடாதீர்கள். வெளிப்பக்கம் மட்டும் ஈரத்துணியால் துடைத்தால் போதும். காதைத் தொடவே விடவில்லை என்றால் வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள், உண்ணி இருக்கலாம், பொருக்கு இருக்கலாம். கன்னத்தைத் தொட்டால் மட்டும் தலையை இழுக்கிறது, தீவனமும் மெல்லாமல் கீழே உதிர்க்கிறது என்றால் பல்லைக் காட்ட வேண்டும்.

கட்டினால் கயிற்றை அறுக்கப் பார்க்கிறது

பழகாத குதிரையைக் கட்டித் தண்ணீர் ஊற்றாதீர்கள். பின்னால் இழுக்கும், கயிறு விடாது, விடாததால் இன்னும் பயந்து முழு உடம்பையும் போட்டு இழுக்கும், உச்சந்தலைக்குப் பின்னால் கழுத்துப் பூட்டில் அடிபடும், இல்லையென்றால் ஹால்டர் அறுந்து மல்லாக்க விழும். நன்றாகப் பழகிய பிறகும் ஓர் இழுப்பில் அவிழ்கிற முடிச்சுத்தான், அதுவும் கயிற்றை நேராகத் தூணில் கட்டாமல் நடுவில் ஒரு சணல் சரடு போட்டு. பெரிய இழுப்பு வந்தால் சரடு அறும், கழுத்து தப்பும்.

நேற்றுவரை நின்றது, இன்றைக்கு முடியாது என்கிறது

பழகிய குதிரை திடீரென்று மாறினால் அடம் என்று நினைக்காதீர்கள், ஏதோ நடந்திருக்கிறது. என் வீட்டில் நடந்தது, சித்திரை மாதம், மதியம். கறுப்புப் பைப் காலையிலிருந்து வெயிலில் கிடந்தது. பைப்புக்குள் தேங்கியிருந்த தண்ணீர் கொதித்துப்போயிருந்ததைக் கையில் பார்க்காமல் செவலையின் தோளில் விட்டேன். ஒன்றரை வருடமாக நின்றவள் அன்றைக்குக் களத்தைத் தாண்டிப் போனாள். அவளைத் திரும்பக் குளம்பில் தொடங்கித் தோளுக்குக் கொண்டுவர ரெண்டு மாதம் பிடித்தது, முதல் தடவையைவிட அதிகம். தப்பு முழுக்க என்னுடையது. பைப்பில் இருப்பதை வடியவிட்டு, உள்மணிக்கட்டில் பிடித்துப் பார்த்த பிறகுதான் இப்போது அவள் பக்கமே போகிறேன்.

நீங்கள் பார்க்க வேண்டியது இவை. தண்ணீர் வழக்கத்தைவிடச் சூடா, மார்கழிக் காலையில் பல் கிட்டுகிற குளிரா? சோப்பு மாறியதா? சேணம் உரசி முதுகில் புண் இருக்கிறதா? முடிக்கு அடியில் பொருக்கு இருக்கிறதா? மழைக்காலத்தில் டெர்மடோபிலஸ் என்ற பாக்டீரியாவால் முதுகிலும் பிட்டத்திலும் பொருக்கு வரும், பிய்த்தால் முடியோடு சேர்ந்து சின்னப் பெயின்ட் பிரஷ் மாதிரி கழன்று வரும், அதுதான் அடையாளம். ஒரு பக்கம் மட்டும் திடுக்கிடுகிறது என்றால் அந்தப் பக்கக் கண்ணைப் பாருங்கள். காய்ச்சலும் பாருங்கள், சாதாரணமாக 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும். அதைத் தாண்டி, தீவனமும் எடுக்காமல் நின்றால் குளியலை மறந்துவிட்டு மாட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

ஆற்றில் இறங்கும், வீட்டில் நிற்காது

இந்தக் குதிரைக்கு வேலை எளிது. ஓஸை ஒதுக்கிவிட்டு வாளியும் ஸ்பாஞ்சும் வைத்துத் தொடங்குங்கள், சீக்கிரம் வந்துவிடும். ஆற்றிலேயே குளிப்பாட்டிக்கொள்ளலாமே என்றால், பவானியில் ஆழமில்லாத, மணல் தரை தெரிகிற துறையில் சரி. கீழ்பவானி வாய்க்காலில் வேண்டாம், கரை சரிவு, ஓட்டம் வேகம், குதிரை இறங்கினால் ஏறுவது கஷ்டம், பிடித்திருக்கிற ஆளையும் சேர்த்து இழுத்துவிடும். தண்ணீரில் நின்றுகொண்டு முன்காலால் அடித்து அடித்துத் தெறிக்கவிட்டால் விளையாடுகிறது என்று ரசித்துக்கொண்டிருக்காதீர்கள், அடுத்தது படுக்கப் போகிறது. சேணத்தோடு இருந்தால் உடனே நடத்துங்கள்.

குளித்த பின்னால் அரிக்கிறது, முடி கொட்டுகிறது

பெரும்பாலும் சோப்பும் ஈரமும்தான். நம் தோல் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது, குதிரைத் தோல் கிட்டத்தட்ட நடுநிலை, அதனால் நம் ஷாம்பு அதற்குச் சரிப்படாது. பாத்திரம் கழுவுகிற சோப்பு இன்னும் மோசம், தோலில் இருக்கிற எண்ணெய் முழுக்கப் போய்விடும், அந்த எண்ணெய்தான் மின்னுவதே. சேணத்துக்கு அடியில் வெள்ளையாக நுரைத்திருப்பதைப் பார்த்துவிட்டுச் சோப்பைத் தேடாதீர்கள், குதிரை வியர்வையில் லாதரின் என்ற புரதம் இருக்கிறது, அதுவே நுரைக்கும், வெறும் தண்ணீருக்குப் போய்விடும். மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேல் எனக்குச் சோப்பு தேவைப்பட்டதில்லை, அதுவும் குதிரை ஷாம்பு, வாளித் தண்ணீரில் கரைத்து. அலசும்போது பிடரி மயிரின் அடியிலும் வால் தண்டிலும் வழவழப்புப் போகும்வரை அலசுங்கள்.

காலையில் வெயில் ஏறும்போது குளிப்பாட்டி, தண்ணீரை வழித்துவிட்டு, குளம்புக்குழியை மட்டும் துண்டால் ஒற்றி எடுங்கள். குளம்பின் அடியில் இருக்கிற முக்கோணச் சதைப் பகுதி ஈரத்திலேயே இருந்தால் கறுத்து அழுகி நாற்றம் வரும். குளித்ததும் மண்ணில் போய்ப் புரண்டால் விட்டுவிடுங்கள், அது அதன் சந்தோஷம், காய்ந்ததும் பிரஷ் போட்டால் உதிர்ந்துவிடும்.

ஓடி வியர்த்து வந்திருக்கிறது, இப்போது தண்ணீர் ஊற்றலாமா

ஊற்றலாம், ஊற்ற வேண்டும். சூடான உடம்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் தசை பிடித்துக்கொள்ளும் என்று நம் ஊரில் எல்லோரும் சொல்வார்கள், நானும் ரொம்ப நாள் நம்பினேன். 1996 அட்லாண்டா ஒலிம்பிக் கோடை வெக்கையில் நடக்க இருந்ததால், குதிரைகளை எப்படிக் குளிர்விப்பது என்று முன்கூட்டியே ஆராய்ந்தார்கள். குளிர்ந்த தண்ணீரை உடம்பு முழுக்கத் தாராளமாக ஊற்றுவதுதான் வேகமாகச் சூட்டை இறக்கியது, அந்தத் தசைப்பிடிப்புப் பயத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

நிழலுக்குக் கொண்டுவந்து, சேணத்தைக் கழற்றி, கழுத்து, மார்பு, முதுகு, தொடை என்று நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள். நடுவில் வழித்துக்கொண்டிருக்க வேண்டாம், புதுத் தண்ணீர் பட்டுக்கொண்டே இருப்பதுதான் முக்கியம். ஈரச் சாக்கை முதுகில் போர்த்திவிடாதீர்கள், அது சூட்டை உள்ளேயே வைத்திருக்கும். இந்த நேரத்தில் ஒரு எண்ணும்வரை, ரெண்டு எண்ணும்வரை என்று பழக்கிக்கொண்டிருக்க முடியாது, அதனால்தான் தையிலேயே தொடங்குங்கள், பங்குனிக்கு விட்டுவைக்காதீர்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். ஓய்வில் இருக்கிற குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 மூச்சு விடும். விலாவைப் பார்த்து எண்ணுங்கள், மூச்சின் எண்ணிக்கை அந்த அளவை நோக்கி இறங்கத் தொடங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே ஊற்றுங்கள். தள்ளாடினாலோ, வியர்ப்பது நின்று தோல் காய்ந்து கொதித்தாலோ, ஒருவர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் டாக்டருக்குப் போன் போட வேண்டும். குடிக்க வாளியை முன்னாலேயே வையுங்கள், சூடாக இருக்கிறது என்று தண்ணீரை மறைத்து வைக்காதீர்கள், வேண்டிய அளவு அதுவே குடித்துக்கொள்ளும்.